வடமேற்கில் ஒரு வயிறு

செண்டாங்வாரு, வொனோகிரி
3 ஜூன் 1986

பூசணிக்காயை விழுங்கிவிட்டு ஊருக்குத் தாமதமாகச் சொல்லும் என் அக்கா விகாதிக்கு,

தங்கை தார்சினி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். பக்கத்து வீட்டு பாயிகெம் அத்தையின் ஆடுகளும் நலம். கிணறு மட்டும் நலமில்லை, வெயில் தொடங்கியதும் சேற்றைக் கக்குகிறது. நீ, அத்தான், உள்ளே இருக்கும் ஆள், மூவரும் எப்படி? மூன்றாம் ஆளுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவருக்கும் சேர்த்து நீயே பதில் போடு.

ஏழாம் மாதம் பிறக்கப்போகிறது என்ற உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே, சமையலறையில் நின்று உரக்க வாசித்தேன். அம்மா மரவள்ளி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். உன் பெயர் வந்த இடமெல்லாம் சல்லடையை வேகமாகத் தட்டினாள். இரண்டு வருடமாக உன் பெயரைச் சொல்லாதவள், இப்போது தாளத்தோடு சொல்லாமல் இருக்கிறாள். முன்னேற்றம்தான்.

அத்தானின் குற்றப்பத்திரிகையை நேற்று மறுபடி யோசித்தேன். அவர் குடிப்பதில்லை, சேவல் சண்டைக்குப் போவதில்லை, கை நீட்டுவதில்லை. அவர் வீடு நம் வீட்டுக்கு வடமேற்கே இருந்தது. அவ்வளவுதான். அந்தத் திசையில் பெண் கொடுத்தால் ஏதாவது ஒரு உயிர் போகும் என்று ஊரே சொல்ல, அம்மா கொடுக்கமாட்டேன் என்றாள். நீ கொடுக்காமலேயே போனாய். போனவள் அங்கேயே நின்றாயா? காடு திருத்த நிலம் கிடைக்கிறது என்று அத்தானோடு லாம்புங்குக்குக் கப்பல் ஏறினாய். பள்ளிக்கூட வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். அக்கா, அதுவும் வடமேற்கு!

"அந்தத் தெசையில என் காலு ஒரு அடி வைக்காது" என்பது அம்மாவின் சபதம். என் சபதத்தையும் எழுதிக்கொள்: உனக்கு வலி எடுக்கும்போது அம்மா உன் தலைமாட்டில் இருப்பாள்.

அதற்கு உன் உடம்பு வேண்டும். உச்சி முதல் உள்ளங்கால் வரை என்னென்ன மாறுகிறதோ எல்லாம் எழுது. நான் உரக்க வாசிப்பேன். நீ தசையைப் பற்றி எழுது, திசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அத்தானுக்கு வணக்கம். உள்ளே இருப்பவருக்கு ஒரு செல்லக் குட்டு.

தார்சினி


வேமுல்யோ குடியிருப்பு, லாம்புங்
15 ஜூன் 1986

வாய் வளர்ந்த அளவுக்கு ஆள் வளராத தங்கைக்கு,

அக்காவின் அன்பு. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் மிளகுக் கொடிக்குக் கம்பு நடுகிறார், நான் கம்பு மாதிரி நிற்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே.

உடம்பைப் பற்றிக் கேட்டாய். வயிறு எனக்கு ஒரு முழம் முன்னால் நடக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் அதை முதலில் வரவேற்று, பிறகுதான் என்னைக் கவனிக்கிறார்கள். உள்ளே பதுங்கியிருந்த தொப்புள் பித்தான் மாதிரி வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து கீழே மையால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. உன் அத்தான் அதைப் பார்த்து, "எவன்டா இவ்வளவு கோணலாக் கோடு போட்டவன்?" என்றார். தச்சு வேலை தெரிந்த ஆளைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

குழந்தை என் விலா எலும்பில் கால் ஊன்றி நிற்கிறது. மூச்சுக்கு மேல்மாடி மட்டும்தான் மிச்சம், ஒரு வாக்கியத்தை இரண்டு தவணையாகப் பேசுகிறேன். சாப்பிட்டால் நெஞ்சு எரிகிறது, சாப்பிடாவிட்டால் உள்ளே இருப்பவர் உதைக்கிறார். ராத்திரி முழுக்கக் கொல்லைக்கும் பாய்க்குமாக நடை. மார்பில் மஞ்சளாய் ஏதோ கசிந்து ரவிக்கை ஒட்டிக்கொள்கிறது. பால் ஒத்திகை பார்க்கிறது என்று வாரம் ஒருமுறை வரும் மருத்துவச்சி ரொஹானா சொன்னார்.

கால்தான் வேடிக்கை. என் கால் இப்போது கால் இல்லை, முக்கால். செருப்பு நுழையவில்லை, அத்தானின் செருப்பைப் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. ஒரு வேர்க்கடலையை வைத்தால் நிற்கும். வைத்துப் பார்த்தோம், நின்றது.

இதை உரக்க வாசிக்காதே. வாசித்தால், சல்லடை நின்றதா என்று மட்டும் எழுது.

விகாதி


செண்டாங்வாரு
27 ஜூன் 1986

முக்கால் அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் இடுப்புவலி நலமாக இருக்கிறது, அம்மாதான் வலியால் கஷ்டப்படுகிறாள். நீ கேட்டதாகச் சொல்லவில்லை. "யாரோ கேட்டாங்க" என்றேன். "யாரோவுக்கு நல்லா இருக்குன்னு எழுது" என்றாள்.

சல்லடை நின்றது! தொப்புளுக்கு நிற்கவில்லை. கோணல் கோட்டுக்கு ஒரு நொடி தயங்கியது. வேர்க்கடலைக்கு அப்படியே நின்றது.

"அந்தப் பள்ளம் விடியறதுக்குள்ள மறையுதாமா?"

"யாரு கால் பள்ளம்மா?"

"எவளோ எழுதியிருக்காளே, அவ காலு."

"நீ கேட்டதா எழுதட்டுமா?"

"நான் எதுக்குக் கேக்கறேன்? பாயிகெம் கேட்டான்னு எழுது."

பாயிகெம் அத்தை அந்த நேரம் ஆற்றங்கரையில் ஆட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் அவர் நம் சமையலறையில் இல்லாமலேயே நிறையப் பேசினார். கேட்டுக்கொள்: இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். இரண்டு முழங்காலுக்கு நடுவில் தலையணை. காலைத் தொங்கப்போட்டு உட்காரக் கூடாது. கருவாட்டைத் தொடாதே. ஒரேயடியாகச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறி. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "பாயிகெம் சொன்னா, நான் சொல்லல" என்று மூன்று தடவை சொன்னார் பாயிகெம் அத்தை.

இத்துடன் வரும் பொட்டலத்தைப் பிரி. ஏழாம் மாதச் சடங்குக்குத் துணிகள். தாய்வீட்டில் நடக்க வேண்டியது தபாலில் வருகிறது, கோபிக்காதே. ஆறு இருக்கிறது. என்னுடையது இரண்டு, உன் பழைய பெட்டியிலிருந்து மூன்று, பாயிகெம் அத்தையிடம் இரவல் ஒன்று (அதில் ஆட்டு வாசனை வந்தால் அது சந்தன வாசனை என்று நம்பு). ஏழாவது, அந்தக் கோடுபோட்ட லூரிக் கைத்தறி, உனக்கே தெரியும், அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. சாவி அம்மாவின் இடுப்பில். வலி இருக்கும் இடத்தில் சாவியும் இருப்பதால் நெருங்க முடியவில்லை.

முயற்சி தொடர்கிறது.

தார்சினி


வேமுல்யோ
14 ஜூலை 1986

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். பாயிகெம் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல். இடப்பக்கம் படுத்தேன், மூச்சு வந்தது. அவர் ஆடுகளுக்கும் இப்படித்தான் தலையணை வைப்பாரா என்று கேள். பள்ளம் விடிவதற்குள் மறைந்துவிடுகிறது என்றும் சொல்.

சடங்கு நடந்தது. ஏழு கிணற்று நீர் வேண்டுமே, இங்கே இருப்பது ஒரு கிணறு. உன் அத்தான் அதில் ஏழு வாளி இறைத்து, ஒவ்வொரு வாளிக்கும் நம்மூர்க் கிணறு ஒன்றின் பெயர் வைத்தார். நம் வீட்டுக் கிணற்றின் பெயர் வந்த வாளியில்தான் தண்ணீர் குறைவாக இருந்தது. பெண்கள் பானை ஓட்டுச் சில்லைக் காசாகக் கொடுத்து என்னிடம் ருஜாக் வாங்கித் தின்றார்கள். மாங்காயும் மிளகாயும் சேர்ந்து எல்லோருக்கும் கண்ணில் நீர். இவ்வளவு காரம் என்றால் பெண்தான் என்று தீர்ப்பு.

அப்புறம் துணி மாற்றினார்கள். ஒவ்வொன்றாக என் மேல் சுற்றி, "பொருந்துதா?" என்று ஒருத்தி கேட்க, "இன்னும் பொருந்தலை!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஆறு தடவை கத்தினார்கள். பிறகு ஏழாவதைக் கேட்டார்கள். ஊரில் இருக்கிறது என்றேன். ஏழாவதுக்குச் சொல்ல வேண்டிய "பொருந்திருச்சு" வராமல், எல்லோரும் பொருந்தலை என்பதோடு நின்றார்கள். ஒருத்தி, "சரி, ருஜாக் மிச்சம் இருக்கு, வாங்க" என்றாள்.

உடம்பு. இடுப்பு எலும்புகள் திருகு கழன்ற நாற்காலி போல ஆடுகின்றன, வாத்து நடை நடக்கிறேன். வயிறு சில நேரம் கல்லாக இறுகி, நான் பயப்படுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. இதுவும் ஒத்திகையாம். அடிவயிற்றில் நம்மூர் வயல் வெடித்த மாதிரி சிவப்புக் கோடுகள், அரிப்பு தாங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். நான் கூப்பிடமாட்டேன். எனக்கு ஒரு தும்மல் வந்தாலும் ஊர், "வடமேற்கு!" என்று சொல்லக் காத்திருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை யாருக்கும் தரமாட்டேன், உன் அத்தான் கியான்தோவை யாரும் கை நீட்டிக் காட்ட விடமாட்டேன். இந்தக் குழந்தையை முழுதாகப் பெற்றுக் காட்டுவேன். நீ உன் வேலையைக் கைவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

விகாதி


செண்டாங்வாரு
25 ஜூலை 1986

கல் வயிற்று அக்காவுக்கு,

நலம், நலம், நலம். முதுகு மட்டும் நலமில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்கிறேன்.

நீ கூப்பிடமாட்டாய், அம்மா கூப்பிடாமல் வரமாட்டாள். நடுவில் நான் ஒருத்தி எதற்கு இருக்கிறேன்? உன் பெயரில் ஒரு கடிதம் நானே எழுதி, பழைய உறையில் போட்டு, அம்மா முன்னால் பிரித்து வாசித்தேன். குரலில் கண்ணீர் கலந்தேன். "அம்மா, ஒவ்வொரு இரவும் மல்லாந்து படுத்து, கூரை இடுக்கில் தெரியும் நட்சத்திரங்களைப் பார்த்து உன்னையே நினைக்கிறேன். வா அம்மா."

அம்மா மாவுக் கையோடு எழுந்து வந்து என் காதைப் பிடித்தாள்.

"எட்டாம் மாசத்துல மல்லாந்து படுத்தாளா? ராத்திரி பூரா? அந்தப் பாரம் முதுகெலும்பை அமுக்குனா மூச்சு வருமாடி? இத எழுதுனவளுக்கு வயிறே கெடையாது, வாய் மட்டுந்தான்!"

பிறகு அக்கா, அவள் சிரித்தாள். அடுப்புக்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், காது அவள் கையில் இருந்தபடியே. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்து, "மொதப் பிள்ளைக்கு நான் ஒருக்களிச்சுப் படுத்தே எடப்பக்கம் தேஞ்சு போச்சு. அப்படியும்..." என்றாள். நிறுத்திவிட்டாள். முகம் விளக்கை ஊதி அணைத்ததுபோல் ஆயிற்று. "போ, பாத்திரமெல்லாம் வெளக்கு. அண்டாவும் சேத்து."

அதனால்தான் முதுகு.

முதல் பிள்ளை நீதானே? உன்னைச் சொல்ல எதற்கு அப்படி ஒரு முகம்? பாயிகெம் அத்தையை, நிஜ பாயிகெம் அத்தையை, கேட்டேன். "ஆடு கத்துது" என்று போய்விட்டார். ஆடு கத்தவில்லை.

உனக்கு ஏதாவது தெரியுமா? பதில் உடனே போடு. காலைப் பற்றியும் எழுது, தினம் ஒருவர் கேட்கிறார்.

தார்சினி


வேமுல்யோ
11 ஆகஸ்ட் 1986

அன்புள்ள தார்சினிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. மிளகு வேலை.

முதல் பிள்ளை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

குழந்தை நன்றாக அசைகிறது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன், வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது. வெயில் அதிகம், அதனால் தலைவலி. மருத்துவச்சி வந்த அன்று நான் போகவில்லை, நடக்கச் சோம்பல். எங்கள் விளக்கு ஒரு புதுப் பழக்கம் பழகியிருக்கிறது. சுற்றிலும் மின்மினி மாதிரி பொறி பறக்கிறது. திரி சரியில்லை என்று உன் அத்தான் மாற்றினார். இன்னும் பறக்கிறது.

எழுத்து பெரிதாக இருக்கிறது என்று கேலி செய்யாதே. அவசரமாக எழுதுகிறேன்.

அம்மா நலமா?

விகாதி


செண்டாங்வாரு
20 ஆகஸ்ட் 1986
கொண்டுவருபவர்: அம்மா

அக்கா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவருக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவரைப் பற்றி அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். இவ்வளவு வசதியான தபால்காரர் இனி கிடைக்கமாட்டார்.

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. வாசித்தேன். மோதிரத்தில் சல்லடை நின்றது. விளக்கு வந்ததும் அம்மா எழுந்துவிட்டாள்.

"வெளக்கைத் திரும்பப் படி."

படித்தேன்.

"காலைப் பத்தி என்ன எழுதியிருக்கா?"

"ஒண்ணும் எழுதலம்மா."

"நல்லாப் பாரு. பின்பக்கம் பாரு."

பின்பக்கம் வெறுமை. தாளை அவளிடமே நீட்டினேன். படிக்கத் தெரியாதவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உன் கோணல் எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இவ கை இவ்வளவு கோணாது" என்றாள். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒனக்கும் அவளுக்கும் முந்தி ஒரு பையன். எனக்கும் மொதல்ல காலு. அப்புறம் வெரலு, மோதிரம் ஏறல. அப்புறம் மூஞ்சி. ஆம்பளப் பிள்ளை சதைன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெளக்கச் சுத்திப் பொறி பறந்துச்சு, எண்ணெயக் கொற சொன்னேன். அப்புறம் உடம்பு வெட்டி வெட்டி இழுத்துச்சு. முழிச்சுப் பாத்தா வயித்துல ஒண்ணும் இல்ல. பக்கத்துலயும் ஒண்ணும் இல்ல."

நான் போய் அவளை ஒட்டி உட்கார்ந்தேன்.

"எங்க கல்யாணத்துக்கு நாளு பாத்தாங்க, பொறந்த கெழமை பாத்தாங்க, வீட்டுத் தெசை பாத்தாங்க. நேர் கெழக்கு. ஒரு குத்தமும் இல்ல. அப்படியும் போச்சு. சரியான தெசையிலேயே போச்சுன்னா, தப்பான தெசையில என்ன ஆகுமோன்னுதான்டி நான் வேண்டாம்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "அவ சொல்லமாட்டா. சொன்னா எல்லாரும் அந்தப் பயலத்தான் சொல்லுவாங்கன்னு வாயக் கட்டிக்கிட்டு இருக்கா. என் வயித்துல பொறந்ததுதானே" என்றாள்.

விடியும் முன்னே என்னைத் தபாலாபீசுக்கு விரட்டினாள். அத்தானுக்குத் தந்தி அடித்தேன்: உடனே ஆஸ்பத்திரி, நாளை வேண்டாம், அம்மா வருகிறார். திரும்பி வந்தபோது பெட்டி திறந்திருந்தது. லூரிக் துணி வெளியே இருந்தது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வரை போனாள். வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று உனக்குத் தெரியும். நின்றாள். பாயிகெம் அத்தை, நான், இரண்டு ஆடுகள், நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சட்டென்று திரும்பினாள், கூடத்தைக் கடந்தாள், சமையலறைக் கதவைத் திறந்து கொல்லைப்பக்கம் இறங்கினாள்.

"நான் தென்கெழக்காக் கெளம்பியாச்சு. அதுக்கு மேல பஸ்ஸு எந்தப் பக்கம் திரும்புதோ, அது ஓட்டுறவன் பாவம்."

அப்படியே வீட்டைச் சுற்றி வந்து பஸ்ஸுக்குப் போகிறாள், நான் பின்னாலேயே இதை எழுதிக்கொண்டே ஓடுகிறேன். எழுத்து பெரிதாக இருந்தால் நீ கேலி செய்யலாம்.

அக்கா, பொய் சொன்னது போதும். பொய் என் வேலை, நீ அதில் கை வைக்காதே. எங்கே வலிக்கிறதோ எல்லாவற்றையும் அவளிடம் சொல்.

தார்சினி


நகர ஆஸ்பத்திரி, லாம்புங்
24 ஆகஸ்ட் 1986

அன்புள்ள மைத்துனி தார்சினிக்கு,

கியான்தோவின் ஆசிகள். நலமாக இருப்பாய் என நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

தந்தி 21ஆம் தேதி மாலை கிடைத்தது. விகாதி வெறும் தலைவலி என்றாள். அப்போதுதான் அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். தினமும் பார்த்ததால் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. கண் இரண்டும் கோடாக இருந்தன. மரவள்ளி லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன். ரத்த அழுத்தம் மிக அதிகம் என்றார்கள். இருட்டு அறையில் வைத்து ஊசி போடுகிறார்கள்.

அம்மா 22ஆம் தேதி வந்தார். நேராக அவள் போர்வையை விலக்கிக் காலை அழுத்திப் பார்த்தார். பள்ளம் வெகு நேரம் மறையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இன்று குழந்தையை எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். அம்மா கதவருகே நிற்கிறார், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தந்தி அடிக்கவா என்றேன். "வேண்டாம், தந்தியப் பிரிக்கறதுக்குள்ள புள்ள பயந்துரும். கடுதாசி போடு" என்றார்.

மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

கியான்தோ


செண்டாங்வாரு
3 செப்டம்பர் 1986

அக்காவுக்கு,

நான் நலம். நீ? ஒற்றைச் சொல் போதும்.

அத்தானின் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அதைக் கதவருகே நிறுத்திவிட்டு முடித்துவிட்டார். அம்மா இன்னும் அங்கேயே நிற்பது போலவும் நானும் கூட நிற்பது போலவும் இருக்கிறது.

ராத்திரி பாயிகெம் அத்தை துணைக்கு வந்து படுக்கிறார். அவர் குறட்டையை வைத்து ஒரு கேலி யோசித்தேன், பாதியில் விட்டுவிட்டேன். தினமும் மாவு சலிக்கிறேன். அம்மா போலவே தட்டிப் பார்த்தேன், வரவில்லை. கிணற்றடியைக் கழுவினேன், கூரை ஓட்டை மாற்றச் சொல்லி ஆள் பிடித்தேன், தொட்டில் கட்ட மூங்கில் கேட்டு வைத்திருக்கிறேன். "எதுக்குடி இவ்வளவு அவசரம்?" என்றார் அத்தை. "வர்றவங்க வந்து நிக்கும்போது தேடவா முடியும்?" என்றேன். எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் பதில் வைத்திருந்தேன். எல்லோரும்.

ஆகவே, அக்கா, எல்லோரும் வாருங்கள்.

தார்சினி


நகர ஆஸ்பத்திரி, லாம்புங்
8 செப்டம்பர் 1986

அன்புள்ள தார்சினிக்கு,

கை விகாதியுடையது, வாய் அம்மாவுடையது. அம்மா சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதச் சொல்லி உத்தரவு. "நீ மாத்துனா எனக்குத் தெரியும்" என்கிறாள். உன்னால் எங்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

"ஏய் கொரங்கு. நல்லா இருக்கியா? வேளைக்குத் தின்னியா? பாயிகெம் ஆட்டுமேல ஏறிச் சவாரி போனியாமே, இங்க வரைக்கும் தெரியும் எனக்கு." (தெரியாது. குத்துமதிப்பாகத் திட்டுகிறாள்.)

"அக்கா நல்லா இருக்கா. பொண்ணு. சின்னது, ஒரு கைக்குள்ள அடங்கும். ஆனா தொண்டை ஒன்னோடது. ராத்திரியில இந்த வார்டே தூங்கல. அக்காவுக்கு ரெண்டு தடவை உடம்பு இழுத்துச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன். முழிச்சதும் பக்கத்துல பிள்ளை இருக்கணும்னு அந்த நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டுத் தூக்கிட்டு வந்து வச்சேன். முழிச்சா. இருந்துச்சு."

(இங்கே எழுந்து போய்க் குழந்தையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.)

இனிச் சற்று நான். தார்சினி, வீக்கம் வடியத் தொடங்கியதும் தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தேன். கணுக்கால் திரும்ப வந்திருக்கிறது, பழைய சிநேகிதியைப் பார்த்ததுபோல் இருந்தது. வயிறு காற்றுப் போன பந்து. மார்பு கல். தலைவலி இல்லை, விளக்கு ஒழுங்காக எரிகிறது. அம்மா காலையும் மாலையும் என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்துகிறாள். இன்று காலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழவில்லை. மறுபடி அழுத்தினாள். விழவில்லை. மூட்டையை அவிழ்த்து லூரிக் துணியை எடுத்து, என்னைக் கட்டிலோரமாக நிறுத்தி இடுப்பில் சுற்றினாள்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கும்மா?" என்றேன்.

"ஆறோட நின்னிருச்சாமே? உன் புருஷன் சொன்னான்."

பக்கத்துக் கட்டில்களில் இருப்பவர்களில் பாதிப் பேர் நம் ஊர்ப்பக்கம்தான். ஒருத்தி பார்த்தாள், அவளுக்கே புரிந்துவிட்டது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பொருந்துதா?" என்று கேட்டாள். வார்டு முழுக்க, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, "பொருந்திருச்சு!" என்று கத்தினார்கள். நர்ஸ் ஓடி வந்து எல்லோரையும் திட்டினார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள், துணியின் நுனியை மட்டும் விடவில்லை.

மறுபடி அம்மா:

"ஏய், கேளு. புள்ள பொறந்த முப்பத்தஞ்சாம் நாளு இங்க விருந்து. அது முடிஞ்சதும் இதுங்க மூணையும் கூட்டிக்கிட்டு நான் வரேன். இங்கேருந்து நம்ம வீடு தென்கெழக்கு. அதுக்கு எவனும் ஒண்ணும் சொல்ல முடியாது, நான் கேட்டுட்டேன்." (யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பஸ் ஓட்டுநராக இருக்கலாம்.)

"விருந்துக்கு நீயும் வந்துரு. பாயிகெமையும் கூட்டிட்டு வா, அவதான எல்லாத்தையும் சொன்னது. பள்ளிக்கூடத்துக்கு வயித்துவலின்னு எழுதிக் குடு. பொய்க் கடுதாசி எழுதத்தான் ஒனக்கு வருமே. வயித்துவலின்னா எப்படி வலிக்கும்னு மட்டும் யாரையாவது கேட்டு எழுது.

வரும்போது சமையக்கட்டுக் கதவு வழியாக் கெளம்பு."